0.80-க்கு மறுநாள் 1.00

அன்புள்ள சேது,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்குக் காதுகுத்து நல்லபடியாக முடிந்ததில் சந்தோஷம். அந்த முழங்காலை வைத்துக்கொண்டு மலைக்கோயில் படி ஏறியிருக்கிறாய், உன்னைத் திட்ட அங்கே ஆளே இல்லையா? ரிட்டயர் ஆனபின் பொழுது எப்படிப் போகிறது என்று கேட்டிருந்தாய். சிரிக்காதே, விண்டோஸுக்கு முன் கணினியை ஓட்டிய இயக்க முறை டாஸ், அதன் பழைய பதிப்புகளைத் துருவிக்கொண்டிருக்கிறேன்.

செருப்பை வாசலில் கழற்றிவிட்டு ஏசி அறைக்குள் போய் நாம் கற்றுக்கொண்டோமே டாஸ் 3.3, அதற்கெல்லாம் பூட்டன் 86-டாஸ். 1980-இல் சியாட்டில் கம்ப்யூட்டர் புராடக்ட்ஸ் என்ற சின்ன கம்பெனி இன்டெலின் 8086 சிப் வைத்த போர்டு விற்றுக்கொண்டிருந்தது. அதில் ஓட வேண்டிய சிபி/எம்-86 என்ற இயக்க முறை இதோ அதோ என்று இழுத்தடிக்க, அங்கே வேலை பார்த்த டிம் பேட்டர்சன் தானே ஒன்றை எழுதிவிட்டார். முதலில் கியூடாஸ் என்று பெயர், அப்புறம்தான் 86-டாஸ். அடுத்த வருஷம் ஜூலையில் மைக்ரோசாஃப்ட் 50,000 டாலருக்கு அதை விலைக்கு வாங்கியதும், ஆகஸ்டில் ஐபிஎம் பிசி வந்ததும் உனக்குத் தெரிந்த கதைதான்.

எனக்கு ருசிப்பது நடுவில் உள்ள மாதங்கள். அதையே மைக்ரோசாஃப்ட் தன் பெயரில் விற்ற எம்எஸ்-டாஸ் 1.25-இன் மூல நிரல் இப்போது எல்லாருக்கும் கிடைக்கிறது. அதன் ஆரம்பத்தில் திருத்தப் பட்டியல் ஒன்று உண்டு. எண், தேதி, ஒரு வரிக் குறிப்பு. 1980 டிசம்பர் 29-இல் 0.34. பிப்ரவரி 25-இல் 0.42. ஏப்ரல் 27-இல் 0.80. மறுநாளே 1.00! ராத்திரியோடு ராத்திரியாகப் பேட்டர்சன் அப்படி என்ன செய்தார் என்று பார்த்தால், பொது வெளியீட்டுக்காக எண்ணை மாற்றியதாகக் குறிப்பு. அவ்வளவுதான். நாம் பயபக்தியோடு சொல்லும் 'பதிப்பு ஒன்று' இதுதான்.

நிஜமான மாற்றம் 0.42-இல் நடந்திருக்கிறது. அதுவரை டைரக்டரியில், அதாவது வட்டில் உள்ள கோப்புகளின் பட்டியலில், ஒரு கோப்புக்கு 16 பைட்தான் இடம். பெயருக்கே 11 போய்விடும், தேதியை எங்கே எழுதுவது? அன்றைக்குத்தான் அது 32 பைட் ஆனது. நாம் பழகிய டாஸில் அதற்கு முந்தைய ஃபிளாப்பி வட்டைப் போட்டால் ஒன்றும் புரியாமல் விழிக்கும். எண்ணைப் பார்த்து வயசு சொல்வதை நான் விட்டுவிட்டேன், சேது. பைட்டைப் பார்த்தால்தான் நம்புகிறேன்.

ஐபிஎம் தன் பெயரில் விற்ற பிசி டாஸ் 1.0 வட்டின் முதல் செக்டாரை, அதாவது முதல் துண்டை, பைட் பைட்டாகக் காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் திறந்து பார். மொத்தம் 512 பைட். முதல் வரியிலேயே 7-மே-81 என்று தேதி கண்ணில் படும். ஐபிஎம் அறிவிப்பு வந்தது ஆகஸ்ட் 12, ஆனால் இந்தத் துண்டு மூன்று மாதம் மூத்தது. இன்னும் கீழே போனால், வட்டு சரியில்லை என்று சொல்லும் பிழைச் செய்தி. அப்புறம் திடீரென்று ஒரு மனிதர் பெயர்: ராபர்ட் ஓ'ரியர். மைக்ரோசாஃப்டில் இந்த வேலையைக் கவனித்தவர். சாதாரணமாகப் பயன்படுத்துகிறவர் கண்ணில் அந்தப் பெயர் படவே படாது. எனக்கு அதைப் பார்த்ததும் ஒரு குஷி. வீட்டில் யாரிடம் சொல்ல?

சில வருஷம் முன்பு 86-டாஸ் 0.1-சி வட்டு ஒன்றும் பொதுவில் வந்துவிட்டது. நிரலை இயந்திர மொழியாக்கும் அசெம்பிளர் இருக்கிறது, வரிவரியாகத் திருத்தி நம் உயிரை எடுத்த அதே எட்லின் இருக்கிறது, சிபி/எம் வட்டிலிருந்து கோப்பை எடுத்துக்கொள்ள ஒரு நிரல் இருக்கிறது. கூடவே சதுரங்க ஆட்டம்! அவசரமாக எழுதிய சிஸ்டம் என்கிறார்கள், அதிலும் விளையாட்டுக்கு நேரம் இருந்திருக்கிறது.

ஆகவே ஒரு வேண்டுகோள். உன் மைத்துனர் கடைப் பரணில் பழைய வட்டுப் பெட்டி கிடப்பதாக எழுதியிருந்தாய். அந்தக் காலத்தில் ஒவ்வொரு கணினிக் கம்பெனியும் டாஸைத் தன் மெஷினுக்கு ஏற்ப மாற்றித் தன் பெயரில் விற்றது. ஜெனித் விற்றதற்கு இசட்-டாஸ் என்று பெயர். அப்படி ஏதாவது சிக்கலாம். லேபிளில் வேறு என்ன எழுதியிருந்தாலும் ஒதுக்காதே, மேலே வேறு லேபிள் ஒட்டி எழுதுவது எல்லாரும் செய்ததுதான். பூஞ்சை பிடித்திருந்தால் டிரைவில் செருகவே செருகாதே, வட்டும் போகும், அதைப் படிக்கும் ஹெட்டும் அழுக்காகும். காந்தப் பதிவை அப்படியே படித்து எடுக்கும் சின்ன போர்டு ஒன்று என்னிடம் இருக்கிறது, நான் பார்த்துக்கொள்கிறேன். தை பிறந்ததும் அந்தப் பக்கம் வருகிறேன். அதுவரை மைத்துனரைப் பழைய பேப்பர்காரனிடம் மட்டும் பேசவிடாதே.

அன்புடன்,
ராமு