ஆண்டறிக்கை 2024–25: மூன்றாம் தெருக்கோடிக் காய்கறித் தோட்டம்

தலைவர் அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், பேரவைக்கு வந்திருக்கும் மேடவாக்கம் குடியிருப்பு உறுப்பினர் குடும்பங்களுக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான பணிகளைச் சமர்ப்பிக்கிறேன். தெருவிளக்கு, மழைநீர்க் கால்வாய் பற்றி ஊராட்சிக்குக் கொடுத்த மனுக்கள் கோப்பில் உள்ளன. பொங்கல் விழா வழக்கம்போல நடந்தது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். எனக்குத் தந்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதியைத் தோட்டத்துக்கு எடுத்துக்கொள்கிறேன். இந்த ஆண்டு நாம் செய்ததில் எனக்கு மிகவும் நிறைவு தந்தது அதுதான்.

ஊராட்சியின் ஒப்புதலோடு நாம் எடுத்த அந்த இடம் எப்படி இருந்தது என்பது உங்களுக்குத் தெரியும். மேலே அரை அடிக்கு, வீடு கட்டி மீந்த கலவைக் கட்டியும் டைல்ஸ் சில்லும். கீழே களிமண். வெயிலில் விரல் நுழையும் அளவுக்கு வெடிக்கும், மழையில் சொட்டுத் தண்ணீர் உள்ளே இறங்காது. மண் பரிசோதனையில் கார அமில நிலை (pH) 8.5-ஐத் தாண்டியிருந்தது, அதாவது காரம் அதிகம். சிமெண்டும் சுண்ணாம்பும் கலந்த மண்ணில் அப்படித்தான் இருக்கும். அந்த நிலையில் இரும்பும் துத்தநாகமும் மண்ணில் இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. முன்பு சிலர் அங்கே நட்ட கத்தரியில் இளம் இலைகள் மஞ்சளித்து, நரம்பு மட்டும் பச்சையாக நின்றது இதனால்தான்.

இரண்டடி தோண்டி அள்ளிவிட்டுப் புது மண் கொட்டலாம் என்று குழுவில் ஒரு யோசனை வந்தது. நீண்ட நேரம் பேசினோம். களியில் குழி வெட்டி நல்ல மண்ணை நிரப்பினால் அது தண்ணீர்த் தொட்டிதான். ஐப்பசி மழையில் சுற்றிலும் உள்ள தண்ணீர் அதில் வந்து தேங்கி, வேர் அழுகிவிடும். ஆகவே தோண்டாமல் மேலே எழுப்புவது, அதாவது மேட்டுப்பாத்தி போடுவது என்று முடிவானது. (நீலாங்கரைப் பக்கம் கடற்கரை மணலில் தோட்டம் போடும் உறவினர்கள் கேட்டால் இதைச் சொல்லாதீர்கள். அங்கே தண்ணீர் நிற்காமல் ஓடுவதுதான் தொல்லை, பாத்தியைத் தாழ்த்திப் போடுவதே நல்லது.)

ஒவ்வொரு பாத்தியும் 12 அடி நீளம், 4 அடி அகலம், ஒன்றரை அடி உயரம். இரண்டு பக்கமும் நின்றால் நடுவரை கை எட்ட வேண்டும், உள்ளே கால் வைக்கவே கூடாது. மிதித்தால் மண் இறுகிவிடும், இவ்வளவு பாடும் வீண். சுவருக்கு ஹாலோ பிளாக்கைப் பூச்சில்லாமல் அடுக்கினோம். சவுக்குக் கட்டை மலிவுதான், ஆனால் கரையான் விடாது. அடித்தரையை ஒரு சாண் ஆழத்துக்குக் கொத்திவிட்டு, தேங்காய் மட்டை, அதன்மேல் சருகு, அப்புறம் செம்மண்ணும் மக்கிய தொழுவுரமும் தென்னை நார்க்கழிவும் கலந்த கலவை, கொஞ்சம் வேப்பம்பிண்ணாக்கு. நார்க்கழிவை இரண்டு மூன்று முறை ஊறவைத்துப் பிழிந்து உப்பை எடுத்த பிறகே சேர்த்தோம். அதுவும் மக்கியதாக இருக்க வேண்டும். மக்காத நார்க்கழிவு செடிக்குப் போக வேண்டிய தழைச்சத்தைத் தானே இழுத்துக்கொள்ளும்.

செம்மண் லோடில் ஒன்று கோரைக்கிழங்கோடு வந்து இறங்கியது. கோரையை மேலே அறுத்தால் போகாது. கறுப்பாக, சுண்டைக்காய் அளவில், மெல்லிய வேரால் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு கிடக்கும் கிழங்கு ஒன்று தப்பினாலும் மறுபடி முளைக்கும். நம் மூத்த பெண் உறுப்பினர்கள் சாக்கு விரித்து உட்கார்ந்து, மண்ணைச் சலித்துச் சலித்துப் பொறுக்கினார்கள். அவர்களுக்குப் பேரவையின் நன்றியைப் பதிவு செய்ய வேண்டும்.

ஆடிப்பட்டத்தில் வெண்டை, கொத்தவரை, பாலூர் கத்தரி, சிறுகீரை போட்டோம். கீரை 25 நாளில் பறிப்புக்கு வந்தது. உண்மையான சோதனை அக்டோபர் நடுவில் பெய்த கனமழையும், நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயலும். புடலைப் பந்தல் சாய்ந்தது. நடைபாதையில் கணுக்கால் தண்ணீர். ஆனால் தண்ணீர் வடிந்ததும் பாத்தி மண்ணை அள்ளிப் பிடித்துப் பார்த்தால் உருண்டையாகி, தட்டியதும் உதிர்ந்தது. இரண்டடி தள்ளி எடுத்த களியோ விரலை விட்டுப் போகவில்லை. கத்தரி அந்த மழையிலும் பூவோடு நின்றது.

இப்போது பாத்திகள் கிட்டத்தட்ட அரை அடி இறங்கியுள்ளன. சருகும் மட்டையும் மக்கினால் இறங்கத்தான் செய்யும், யாரும் கவலைப்பட வேண்டாம். ஆனால் ஒவ்வொரு பட்டத்துக்கும் மேலே போட்டு நிரப்பியாக வேண்டும். அதற்கான பொருள் நம் வாசலிலேயே விழுகிறது. தயவுசெய்து சருகைக் கொளுத்தாதீர்கள். தெருமுனையில் வலைக்கூண்டு வைக்கலாம், அதில் போடுங்கள். சமையலறைக் காய்த்தோலையும் பிளாஸ்டிக் இல்லாமல் பிரித்துத் தாருங்கள்.

மேட்டுப்பாத்தி வெயிலில் சீக்கிரம் காயும். அக்னி நட்சத்திரம் நெருங்குவதால் 50 சதவீத நிழல்வலை, வைக்கோல் மூடாக்கு, காலை மாலை தண்ணீர் ஊற்ற முறை வைத்து ஆள் தேவை. பெயர் கொடுக்க விரும்புவோர் இன்றே கொடுக்கலாம். மீதி நிலத்தில் கோடை மழைக்குப் பின், மண்ணிலேயே மக்கி உரமாகும் பசுந்தாள் பயிரான தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் பருவத்தில், சுமார் 45 நாளில், மடக்கிக் கொத்திவிடவும் குழு பரிந்துரைக்கிறது. கார மண்ணைத் தாங்கி வளரும் பயிர் அது. களி சரியாகப் பல ஆண்டு ஆகும், ஆனால் தொடங்கிவிடலாம்.

வலைக்கூண்டு, நிழல்வலை, தக்கைப்பூண்டு விதை ஆகியவற்றுக்கான செலவுக்குப் பேரவையின் ஒப்புதலைக் கோரி, இவ்வறிக்கையைச் சமர்ப்பிக்கிறேன்.

செயலாளர்