மக்கா, அந்த ஸ்பேஸ் நான் சொன்னது

மக்கா,

பழைய சர்வரைப் போன வாரம் கழற்றினேன். டிஸ்க்கைத் துடைப்பதற்கு முன்னால் எல்லா ஹோம் ஃபோல்டரையும் ஒரு பார்வை பார்த்தேன். உன்னுடையதில் ஒரே ஒரு ஃபைல்தான் கிடந்தது, எக்ஸ்போர்ட்ஸின் காப்பி, அதாவது சர்வரின் ஃபோல்டரை எந்த மெஷின் தொடலாம் என்று எழுதி வைக்கும் ஃபைலின் காப்பி. தேதி 2017 நவம்பர் 21, காலை 7.40. அன்றைக்குப் பத்து மணிக்குத்தான் நான் அதில் நாம் எழுதிய வரியைத் திருத்தினேன். அப்போ உனக்கு முன்னாடியே தெரிந்திருக்கிறது.

நாம் வேலை பார்த்த போட்டோ கடையின் பெயர் எழுதமாட்டேன், முதலாளி பெரியவரின் பிள்ளைகள் இதைப் படிக்கிறார்கள். கல்யாண வீட்டாரைப் பற்றியும் ஒன்றும் வேண்டாம்.

அந்த ராத்திரி மட்டும் கண்ணை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. கீபோர்டு பக்கத்தில் ஏத்தங்காய் சிப்ஸ் பாக்கெட், நீ எண்ணெய்க் கையைக் கைலியில் துடைத்துத் துடைத்து அடிக்கிறாய், நான் பின்னால் நின்று சொல்கிறேன். ஃபோல்டர் பாதை, அப்புறம் நம் நெட்வொர்க்கின் முகவரி 192.168.1.0/24, அப்புறம் ஸ்பேஸ், அடைப்புக்குறி, உள்ளே ஆர்டபிள்யூ, அதாவது படிக்கவும் எழுதவும், சிங்க். நீ விரலை எடுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாய். "அண்ணே, இங்க ஸ்பேஸ் வேணுமா? மேன் பேஜ்ல ஒட்டித்தானே இருக்கு?" என்றாய், லினக்ஸ் கையேட்டைச் சொல்கிறாய். "போடுலே, மணி பதினொண்ணு" என்றேன். போட்டாய். வரியை அமலுக்குக் கொண்டுவர எக்ஸ்போர்ட்எஃப்எஸ் -ஆர்ஏ அடித்தாய். எரர் என்று நிற்கவில்லை, வார்னிங்தான் வந்தது, அதைப் படித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

உனக்குத் தெரிந்ததுதான், வேறு யாராவது படித்தால் அவர்களுக்காக எழுதுகிறேன். ஒட்டி எழுதினால் அந்த நெட்வொர்க்குக்கு மட்டும் எழுதும் அனுமதி. நடுவில் ஒரு ஸ்பேஸ் விழுந்தால் லினக்ஸ் அதை இரண்டு ஆளாகப் படிக்கும்: நெட்வொர்க்குக்கு டிஃபால்ட், அதாவது படிக்க மட்டும், அடைப்புக்குறிக்குள் இருப்பது மிச்சம் உலகத்துக்கே. வீட்டுக்காரனைத் திண்ணையில் உட்கார வைத்துவிட்டுத் தெருவில் போகிறவனிடம் சாவி கொடுத்த மாதிரி. மறுநாள் நீ மாடி மெஷினிலிருந்து சேவ் ஆகவில்லை, ரீட் ஒன்லி என்று வருகிறது என்றாய். லோக்கலில் வை, அப்புறம் பார்க்கலாம் என்றேன். அதையும் நான்தான் சொன்னேன்.

சர்வரின் இரண்டாவது நெட்வொர்க் கார்டு வேறு நெட்வொர்க்காகக் கீழே ஆல்பம் பிரிண்ட் போடுகிற கடைக்குப் போனது. அங்கிருந்த உபுண்டு லேப்டாப்பில் முதல் யூசரின் எண் 1000. சர்வரில் என் எண்ணும் 1000. என்எஃப்எஸ், அதாவது நெட்வொர்க் வழியாக ஃபோல்டரைப் பகிரும் அந்த ஏற்பாடு, வழக்கமான அமைப்பில் பாஸ்வேர்டு கேட்காது, எதிரில் இருக்கும் மெஷின் சொல்லும் எண்ணை நம்பும். 1984-ல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் அதைக் கொண்டுவந்தபோது மெஷின்கள் ஒன்றையொன்று நம்பின, அவ்வளவுதான். அங்கே யாரோ இடம் பத்தவில்லை என்று கல்யாணப் படங்கள் இருந்த ஃபோல்டரைப் பழையது என நினைத்து அழித்தான். சர்வர் அவனை நான் என்று நம்பியது. கேமரா கார்டுகளை ஏற்கெனவே ஃபார்மேட் அடித்திருந்தோம். தாலி கட்டும் படத்துக்கு வீடியோவிலிருந்து எடுத்த மங்கலான ஃபிரேமை ஒட்டிக் கொடுத்தோம்.

பெரியவர் கேட்டபோது "பையன் அடிச்ச செட்டிங்ல ஏதோ தப்பு" என்றேன். பொய் இல்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன், அடித்தது உன் விரல்தானே. அதற்கு முன்பே, ஃபோல்டர் யாருக்கெல்லாம் திறந்திருக்கிறது என்று காட்டும் எக்ஸ்போர்ட்எஃப்எஸ் -வி போட்டு, வேர்ல்ட் என்று வந்திருப்பதைப் பார்த்துவிட்டு, ஸ்பேஸை அழித்துவிட்டுத்தான் அவர் முன்னால் போய் நின்றேன். எனக்கு அப்போ இரண்டாவது பிள்ளை பிறந்து இருபது நாள், வேலை போனால் வாடகைக்கு வழியில்லை. இது காரணம்தான், நியாயம் என்று நான் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் சொல்கிறேன்.

அதோடு நீ வேலையை விட்டு, களியக்காவிளை பஸ்ஸில் ஏறிப் போனாய். கூப்பிட்டுப் பேச வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது 30-ம் தேதி ஓகி புயல் வந்தது. ரப்பர் மரம் எல்லாம் ரோட்டில், கரண்ட் இல்லை, டவர் இல்லை. அதையே சாக்காக வைத்துக்கொண்டேன். கரண்ட் வந்த பிறகும் கூப்பிடவில்லை.

ஆனால் உன் மேலும் கோபம் இருக்கிறது மக்கா. கையில் காப்பியை வைத்துக்கொண்டு ஏன் வாயைத் திறக்கவில்லை? என் சட்டையைப் பிடித்து ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். நீ பெரிய மனசு காட்டிவிட்டுப் போய்விட்டாய், நான் கேட்காத கடன் அது. உன் கல்யாணத்துக்கு மார்த்தாண்டம் டீக்கடைக்காரர் வரைக்கும் பத்திரிகை வைத்தாய். என் வீட்டைத் தாண்டித்தான் வண்டியில் போனாய், நான் வாசலில்தான் நின்றேன்.

மாற்றுவதற்கு முன்னால் ஒரு காப்பி எடுத்து வை என்று உனக்குச் சொல்லிக் கொடுத்தது நான்தான். அதை நினைத்தால் சிரிப்பு வருகிறது, அப்புறம் வரவில்லை.

புது சர்வரில் வரியை நேற்று நானே அடித்தேன், ஒட்டி. சாயங்காலம் பெரியவர் வீட்டுக்குப் போய் நடந்ததை எல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "எந்தப் பையன்?" என்றார். உன் பெயரைச் சொன்னேன். காது சரியாகக் கேட்பதில்லை, இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.