இரண்டாம் டிகாக்‌ஷன்

கும்பகோணம்
ஞாயிறு காலை

அன்புள்ள பாப்பா,

நாங்கள் நலம். போனிலேயே சொல்லலாமே, எதற்கு லெட்டர் என்று கேட்பாய். போனில் நான் வாயைத் திறப்பதற்குள் "சரிப்பா, அம்மாகிட்ட குடுங்க" என்று விடுகிறாய். அம்மாவிடம் கொடுத்தால் அவள் "சாப்பிட்டியா" என்பதோடு முடித்துவிடுகிறாள். அதனால் எழுதுகிறேன்.

தை மாதம் நீ விட்டுப்போன காபி மெஷின் ஒருவழியாக எனக்கு வசப்பட்டுவிட்டது. முதல் வாரம் பட்ட பாட்டை உன்னிடம் சொல்லவில்லை. நம் வழக்கமான பொடியையே போட்டேன். அதில்தான் சிக்கரி இருக்கிறதே, வெந்நீர் பட்டதும் களி மாதிரி அடைத்துக்கொண்டது. ஒரு சொட்டு, இரண்டு சொட்டு, அவ்வளவுதான். அப்புறம் கடைக்குப் போய், சிக்கரி வேண்டாம், பிளாண்டேஷன் ஏ பாதி, பீபரி பாதி, நைசாக அரைத்துக் கொடு என்றேன். முப்பது வருஷமாக எனக்குப் பொடி கொடுக்கிறவர், "வீட்ல எல்லாரும் சௌக்கியம்தானே சார்?" என்று விசாரித்தார்.

நீ சொன்ன கணக்கை நோட்டில் எழுதி ஃபிரிட்ஜ் மேல் வைத்திருக்கிறேன். 18 கிராம் பொடி, 36 கிராம் டிகாக்‌ஷன், 25 முதல் 30 விநாடி. முதலில் 12 விநாடியிலேயே கொட்டிவிட்டது, வாயில் வைக்க முடியாத புளிப்பு. இன்னும் நைசாக அரைத்து வாங்கினேன், இப்போது 28-ல் நிற்கிறது. அதை மெஷினின் இரட்டை மூக்கு வழியாக இரண்டு கப்பில் பாதிப் பாதியாக விழவிட்டு, ஒவ்வொன்றிலும் 150 மில்லி பால். "ஒரு ஆள் பொடியில ரெண்டு பேர் குடிக்கலாம்பா, நெஞ்சு படபடக்காது" என்று நீதான் சொன்னாய். மாப்பிள்ளையும் பக்கத்தில் நின்று தலையாட்டினார்.

இந்தப் பால் காபிக்குப் பேர் லாட்டே. லாட்டே என்றால் இத்தாலிய மொழியில் பால் என்றுதான் அர்த்தமாம். அங்கே போய் வெறும் லாட்டே என்று கேட்டால் ஒரு கிளாஸ் பாலைக் கொடுத்துவிடுவார்களாம். அம்மாவிடம் சொன்னேன். "அதுக்கா இவ்வளவு பெரிய மெஷின்?" என்றாள்.

பால் விஷயத்தில்தான் அவளோடு தினமும் தகராறு. பச்சை பாக்கெட்தான் சரி, நாலரை சதவீதக் கொழுப்பு. நீல பாக்கெட்டில் நுரை வரும், ஆனால் வாய்க்கு வெறுமையாக இருக்கிறது. அவளுக்குக் காய்ச்சாத பால் ஆகாது. எனவே காய்ச்சி, ஆறவைத்து, ஏடு எடுத்து, ஃபிரிட்ஜில் குளிரவைத்து, அப்புறம்தான் நீராவி. குழாயின் நுனியைப் பாலின் மேல்மட்டத்தில் வைத்துக் கொஞ்ச நேரம் காற்றை உள்ளே விடவேண்டும். ஜக் உடம்புச் சூட்டுக்கு வந்ததும் நுனியை அமிழ்த்திப் பாலைச் சுழலவிடவேண்டும். கை தாங்காத சூட்டில் நிறுத்திவிட்டால் அறுபது, அறுபத்தைந்து டிகிரி இருக்கும், பால் தித்திக்கும். எழுபதைத் தாண்டினால் தித்திப்பு போய்க் காய்ச்சின பால் வாடை வந்துவிடும். முதல் நாள் அம்மா "என்ன, ஆறின காபி?" என்றாள். நமக்கெல்லாம் உதடு சுட்டால்தானே காபி!

இதையெல்லாம் நீ சொல்லித்தான் கற்றேன். இரண்டாம் உலகப் போருக்குப் பின் குடியேறிய இத்தாலிக்காரர்கள் காபியில் ஊறவைத்த ஊரில் இருந்துகொண்டு, டிகிரி காபி ஊர்க்காரனுக்குப் பாடம் எடுக்கிறாய். தெருவில் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். அந்தப் பெண்தான் இப்போது பாலைப் பொங்கவிடுகிறாள்.

போன ஞாயிறு வீடியோவில் பார்த்தேன். ஜக்கிலிருந்து நுரை வழிகிறது, நீ வேறெங்கோ பார்த்துக்கொண்டிருக்கிறாய். பாலை அவ்வளவு சூடாக்காதே. இரண்டு மூக்குக்கும் அடியில் ஒரே ஒரு கப் வைத்தாய். அதற்கு முந்தின ஞாயிறும் அப்படித்தான். மாப்பிள்ளை எங்கே என்று அம்மா கேட்டதற்கு வேலைக்குப் போயிருக்கிறார் என்றாய். ஞாயிற்றுக்கிழமையும் வேலை இருக்கும், இல்லாமல் என்ன? நான் கேட்க வந்தது வேறு. 36 கிராமும் ஒரே கப்பில் விழுந்தால் அது லைட் இல்லையே. ராத்திரி தூக்கம் வருகிறதா? மெஷினோடு ஒரு ஆளுக்கான சின்ன வடிகட்டி ஒன்று வந்திருக்கும், அதைப் போட்டுக்கொள். இல்லை, வேண்டாம், அதைத் தேடாதே.

சித்தப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மற்றதெல்லாம் அப்படியே.

ஒன்று சொல்கிறேன், அம்மாவிடம் கேட்காதே. 36 வருஷமாக இந்த வீட்டில் முதல் டிகாக்‌ஷன் எனக்கு, மிஞ்சினால் வருகிறவர்களுக்கு. மறுபடி வெந்நீர் ஊற்றி இறக்குகிற இரண்டாம் டிகாக்‌ஷன் அவளுக்கு. அவளுக்கு லைட்டாக, பால் தூக்கலாக இருந்தால்தான் பிடிக்கும் என்று ஊர் முழுக்கச் சொல்லியிருக்கிறேன். உன் கல்யாணத்தில் சம்பந்தியிடம்கூடச் சொன்னேன். மெஷின் வந்தபிறகு இரண்டு கப்பும் ஒரே மாதிரி போட்டு ஒன்றை அவளிடம் நீட்டினேன். குடித்துவிட்டு, "நாளைக்கு எனக்கு இன்னும் கொஞ்சம் ஸ்ட்ராங்கா போடுங்களேன்" என்றாள். கோபமாகக்கூட இல்லை. சாதாரணமாகச் சொல்லிவிட்டுக் கீரை ஆயப் போய்விட்டாள்.

அன்று முழுக்க எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. ஒரு தடவை, ஒரே ஒரு தடவைகூட, உனக்கு எப்படி வேண்டும் என்று அவளிடம் நான் கேட்டதில்லை. நீ வளர்ந்த வீடு இது. "எனக்கு லைட்டா போதும்பா" என்று நீ சொல்லும்போதெல்லாம், அம்மா குணம் என்று பெருமைப்பட்டிருக்கிறேன். இப்போது அதை நினைத்தால் பயமாக இருக்கிறது. உனக்கு நிஜமாகவே லைட்தான் பிடிக்குமா, பாப்பா?

மாடி அறைக்கு ஃபேன் மாற்றிவிட்டேன். சும்மா, வெயில் வருகிறதே என்றுதான். மாப்பிள்ளையை நான் விசாரித்ததாகச் சொல். சொல்கிற மாதிரி இல்லை என்றால் விடு.

அம்மா கூப்பிடுகிறாள், கப் இரண்டும் கழுவி வைத்தாகிவிட்டதாம்.

பாலை மட்டும் பார்த்துச் சூடாக்கு.

அப்பா