பிரசவத்துக்கு எந்தக் கடல்?

கானாடுகாத்தான்
ஐப்பசி 18

அன்புள்ள நாச்சியப்பா,

உன் கடிதமும் மூன்று படங்களும் கிடைத்தன. தாய்த் திமிங்கிலமும் குட்டியும் ஒட்டிக்கொண்டு மிதக்கிற அந்த இரண்டாவது படத்தை முகப்பில் உட்கார்ந்து எத்தனை தடவை பார்த்தேன் என்று கணக்கில்லை. முப்பத்திரண்டு வருஷம் பிள்ளைகளுக்குப் பூகோளம் சொல்லிக் கொடுத்தேன். கரும்பலகையில் நீரோட்டங்களை அம்புக்குறி போட்டு வரைந்தே காலம் போனது. அந்த அம்புக்குறிகளுக்கு நடுவே உயிர்கள் வந்து போவதை நீ ஆஸ்திரேலியாவின் பெர்த் கரையில் கண்ணால் பார்த்துவிட்டாய். ரொம்ப சந்தோஷம்.

முதலில் ஊர் சமாசாரம். மழை பிடித்துக்கொண்டது, ஊருணி பாதிக்கு மேல் நிறைந்திருக்கிறது. மேற்குப் பக்கத்து ஓட்டில் ஒழுகல். ஆளுக்குச் சொல்லியிருக்கிறேன். வள்ளிக்கு ஆவணிக் கடைசியில் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் நலம். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் என்று வளவில் தென்பக்க அறைக்கு வெள்ளையடித்து, பழைய தொட்டிலை இறக்கிக் கழுவிக்கூட வைத்திருந்தோம். ஏழாம் மாதத்தில் அவளுக்கு இரத்த அழுத்தம் ஏறிவிட்டது, பயணமே கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அப்புறம் என்ன, அவள் அம்மாதான் சென்னைக்குக் கிளம்பிப் போனாள், மூன்று மாதம் அங்கேயே இருந்தாள். நான் பிறந்த அறை, என் அக்கா பிள்ளைகள் பிறந்த அறை, சுண்ணாம்பு வாசனையோடு காலியாகக் கிடந்தது. மனசுக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. அந்த நேரம் பார்த்து நீ எழுதியிருந்தாய், “இந்தக் குட்டி எங்கே பிறந்திருக்கும்? இவ்வளவு பெரிய கடல் இருக்க, கரையோரமாக வந்து ஏன் சும்மா மிதக்கிறது?” என்று.

நீ பார்த்தது கூன்முதுகுத் திமிங்கிலம். அதற்குச் சாப்பாடு ஒரு கடலில், பிரசவம் இன்னொரு கடலில். அண்டார்டிகா பக்கம் கோடை முழுவதும் கிரில் என்ற பொடிப் பிராணியை, நம் கூனி இறால் மாதிரியானது, வயிறு முட்டத் தின்று கொழுப்புச் சேர்த்துக்கொள்கிறது. அப்புறம் வடக்கே திரும்பி, ஐயாயிரம் கிலோமீட்டருக்கு மேல் நீந்தி, ஆஸ்திரேலியாவின் வடமேற்கு மூலையில் இருக்கிற கிம்பர்லி கடலுக்கு வருகிறது. ஆணும் பெண்ணும் சேர்வது, குட்டி போடுவது எல்லாம் அந்தப் பக்கம்தான். அங்கே இருக்கிற நாள் முழுக்கப் பெரும்பாலும் பட்டினி. சேர்த்து வைத்த கொழுப்பிலிருந்துதான் குட்டிக்குப் பால். நம் ஐயாக்கள் பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் பார்க்க, போன கதைதான் எனக்கு நினைவுக்கு வந்தது. மூன்று வருஷம் அங்கே இருந்து சம்பாதித்து ஊர் திரும்பினால், கல்யாணமும் பிள்ளைப்பேறும் இங்கே.

கிம்பர்லியில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்பாய். முதல் விஷயம் தண்ணீரின் சூடு. உலகம் முழுக்க இந்தத் திமிங்கிலங்கள் குட்டி போடுகிற கடல்களை ஒப்பிட்டு 2007இல் ஓர் ஆய்வு வந்தது. எந்த அட்சரேகையாக இருந்தாலும் சரி, மேல்மட்டத் தண்ணீர் ஏறத்தாழ 21 முதல் 28 டிகிரிக்குள் இருக்கிறது என்று கண்டார்கள். இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது தென் அமெரிக்காவின் மேற்குக் கரைக் கதை. அங்கே பெரு பக்கம் குளிர்ந்த நீரோட்டம் ஓடுகிறது, பூமத்திய ரேகைக்குக் கிட்டேயும் கடல் சில்லென்று இருக்கிறது. அதனால் அண்டார்டிகாவிலிருந்து வருகிற திமிங்கிலங்களில் ஒரு பகுதி அங்கே நிற்காமல், ரேகையையும் தாண்டி, கோஸ்டா ரிகா வரை எண்ணாயிரம் கிலோமீட்டருக்கு மேல் போய்ச் சேர்கின்றன. வகுப்பில் அந்தக் குளிர்ந்த நீரோட்டத்தை நீலச் சாக்பீஸால் வரைவேன். அது ஒரு கர்ப்பிணியை இத்தனை தூரம் நடக்க வைக்கும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

சூடு மட்டும் போதாது. ஆழம் குறைந்திருக்க வேண்டும், அலை அடங்கியிருக்க வேண்டும். பிறக்கும்போதே நான்கு மீட்டர் நீளம் இருந்தாலும் அது பச்சைப்பிள்ளைதான், மேலே வந்து மூச்சு வாங்கிப் பழக வேண்டும், தாயை விட்டு விலகாமல் பால் குடிக்க வேண்டும். கொந்தளிப்பில் அந்தப் பிள்ளைக்கு வீணாகப் பலம் போகும். ஆழமான பக்கம் போனால் பெண்ணைத் துரத்துகிற ஆண்கள் ஒன்றையொன்று முட்டித் தள்ளிக்கொண்டு வரும், கொலைகாரத் திமிங்கிலத்தின் பயமும் உண்டு. அதனால்தான் தாய் குட்டியைக் கரைப் பக்கம் ஒதுக்கி வைத்துக்கொள்கிறது. உன் கேள்விக்கு இதுதான் பதில். நீ பார்த்தது சும்மா மிதப்பது இல்லை, ஓய்வு. தெற்கே திரும்புகிற வழியில் நிழல் கண்ட இடத்தில் பிள்ளையை இறக்கி வைப்பது போல.

எக்ஸ்மவுத் வளைகுடா என்று உங்கள் கரையில் வடக்கே ஓர் இடம் இருக்கிறதே, அங்கே தாய் முதுகிலும் குட்டி முதுகிலும் ஒட்டுக் கருவி வைத்துக் கேட்டிருக்கிறார்கள். 2017இல் வெளியான ஆய்வு. தாயும் பிள்ளையும் மிக மெதுவாக, கிட்டத்தட்ட கிசுகிசுத்துத்தான் பேசிக்கொள்கின்றன, நூறு மீட்டருக்கு அப்பால் கேட்காத அளவுக்கு. படித்ததும் எழுந்து போய் அந்தத் தென்பக்க அறைக் கதவைத் திறந்து கொஞ்ச நேரம் நின்றேன். ராத்திரியில் பிள்ளை பெற்றவள் இருக்கிற அறையில் ஆத்தாள் குரல் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியுமே. காற்று பலமாக அடித்தாலும் கடலில் பேச்சு மாறிவிடுகிறது. ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையில் கவனித்தது இது. காற்றின் இரைச்சல் கூடக்கூட, குரல் கொடுப்பதைக் குறைத்து, துள்ளி விழுந்தும் துடுப்பால் தண்ணீரை அறைந்தும் சேதி சொல்கின்றன.

இனி, குட்டி எங்கே பிறந்திருக்கும் என்ற கேள்வி. கிம்பர்லிதான் பிரசவக் கடல் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தார்கள். அதற்குச் சுமார் ஆயிரம் கிலோமீட்டர் தெற்கே, நார்த் வெஸ்ட் கேப் முனையில், விமானத்திலிருந்து பார்த்தபோது அன்றைக்குப் பிறந்தது போன்ற பச்சைக் குட்டிகள் நிறைய இருந்தன. தாய்கள் இன்னும் வடக்கே போய்க்கொண்டிருந்தன. 2018இல் இது அச்சாகியிருக்கிறது. அதாவது, வலி எடுத்த இடத்தில் தண்ணீர் தோதாக இருந்தால் அதுவே பேறுகால அறை. இதைப் படித்த பிறகுதான் வள்ளி விஷயத்தில் என் மனசு ஆறியது. சத்தியமாகச் சொல்கிறேன்.

இன்னொன்று என்னைத் தூங்கவிடவில்லை. ஹவாய்க் கடல் உலகில் பெரிய பிரசவக் கடல்களில் ஒன்று. 2015–16 குளிர்காலத்திலிருந்து அங்கே வருகிற திமிங்கிலங்கள் திடீரென்று குறைந்தன. மாவி தீவுப் பக்கம் 2013க்கும் 2018க்கும் இடையில் தாயும் குட்டியுமாகப் பார்ப்பது முக்கால் பங்குக்கு மேல் விழுந்துவிட்டது. ஹவாய்த் தண்ணீரில் குறை எதுவும் இல்லை. கெட்டது சாப்பாட்டுக் கடல். 2014 முதல் 2016 வரை அலாஸ்கா பக்கம் வட பசிபிக் கடல் அளவுக்கு மீறிச் சூடேறிக் கிடந்தது, இரை அருகிப்போனது. தாய்க்குக் கொழுப்புச் சேரவில்லை என்றால் எப்படிக் கிளம்பும், எப்படிச் சூல் கொள்ளும்? 2012இல் வட பசிபிக்கில் சுமார் 33,000 இருந்தவை 2021இல் 26,600 அளவுக்கு வந்துவிட்டன. 1942இல் பர்மா கைவிட்டுப் போனதும் இங்கே நம் வீதிகளில் புது வீடு எழும்புவது நின்றது நினைவிருக்கிறதா, பெரியவர்கள் சொல்வார்களே. இங்கே மண் அப்படியேதான் இருந்தது, மழையும் பெய்தது. அடி விழுந்தது கடலுக்கு அப்பால். அதனால், குட்டி போடுகிற இடத்தை மட்டும் காப்பாற்றினால் போதும் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

நம் பக்கத்துக் கடலிலும் இந்த இனம் உண்டு, தெரியுமா? அரபிக்கடலில் இருக்கிற கூன்முதுகுத் திமிங்கிலங்கள் வலசையாகத் துருவத்துக்குப் போவதே இல்லை. சாப்பாடும் பிரசவமும் அதே கடலில். காரணம் நம் தென்மேற்குக் காற்று. ஆடியில் இங்கே நம் தெருப் புழுதியைக் கிளப்புகிற அதே காற்றுதான் ஓமன் கரையோரமாக வீசி, மேல் தண்ணீரை வெளியே தள்ளிவிடுகிறது. அடியிலிருந்து சத்துள்ள குளிர்ந்த தண்ணீர் மேலே வருகிறது, மீன் கொழிக்கிறது. ஓமனில் சலாலா ஊரில் வேலை பார்த்த என் மைத்துனன், அந்த மாதங்களில் மலையெல்லாம் மூடுபனியும் பச்சையுமாக இருக்கும் என்பான். கடல் குளிர்ந்து கிடப்பதால் வருகிற பனி அது. அங்கேயே வயிறு நிறைந்துவிட்டால் தெற்கே ஏன் போக வேண்டும்? சுமார் 70,000 வருஷமாக இவை தனித்துவிட்டன என்கிறது மரபணு ஆய்வு. ஓமன் பக்கம் நூறுகூட இல்லை. சோவியத் கப்பல்கள் 1965, 66இல் திருட்டுத்தனமாக 242ஐக் கொன்றன. இருந்ததே கொஞ்சம், அதில் இத்தனை! நினைத்தாலே வயிறு எரிகிறது.

அதில் ஒருத்திக்கு லுபான் என்று பெயர், அரபியில் சாம்பிராணி வகைப் பிசின். 2017 நவம்பரில் அவள் உடம்பில் கருவி பொருத்தினார்கள். அவள் அரபிக்கடலைக் குறுக்கே தாண்டி, கோவா பக்கம் வந்து, அங்கிருந்து தெற்கே இந்தியாவின் தென்முனை வரை போய், மறுபடி ஓமனுக்கே திரும்பினாள். அந்தச் சமயத்தில் நாம் காரைக்குடியில் என் சித்தப்பா மகள் கல்யாணத்தில் பந்தி பரிமாறிக்கொண்டிருந்தோம். அவள் நம்மிலிருந்து ரொம்பத் தூரத்தில் இருக்கவில்லை, நாச்சியப்பா.

உன்னிடம் ஓர் உதவி கேட்க வேண்டும். அடுத்த வருஷம் படகில் போனால் தேதியையும் படகோட்டி சொல்கிற தண்ணீரின் சூட்டையும் குறித்து வை. வால் தூக்கும்போது அடிப்பக்கத்தைப் படமெடு, அந்தக் கறுப்பு வெள்ளைத் திட்டு நம் கைரேகை போல ஒவ்வொன்றுக்கும் வேறு. அதே தாய் திரும்பி வந்தால் தெரிந்துவிடும். ஆச்சியையும் கூட்டிக்கொண்டு போ, தனியாகப் போகாதே.

குழந்தையைத் தை மாதம் இங்கே கொண்டு வருகிறார்கள். தொட்டிலைத் திரும்ப மேலே ஏற்றவில்லை. உன்னால் வர முடிந்தால் பொங்கலுக்கு முன் ஒரு வரி எழுது, மாடி அறையைத் திறந்து வைக்கிறேன்.

அன்புடன்,
பழனியப்பன்