தேய்ப்புக்கடை அண்ணனுக்கும் செல்லூர்க்காரர்களுக்கும்

மதுரை செல்லூரில் வெள்ளிக்கிழமை (2024 அக்டோபர் 25) வெள்ளத்தில் நடந்ததைத் திரும்ப எழுதவில்லை. கால் மணி நேரத்தில் 4.5 செ.மீ. மழை, பந்தல்குடி வாய்க்கால் நிரம்பி வழிந்தது, வீட்டுக்குள் தண்ணீர், எல்லாம் நீங்களும் பட்டதுதான்.

இரண்டு ராத்திரி எங்களை மாடியில் படுக்க வைத்த எதிர்வீட்டு அத்தை, கேட்காமலே சோற்றுப் பொட்டலம் கொண்டுவந்த பள்ளிவாசல் தெருப் பையன்கள், அம்மாவின் இன்சுலினைத் தன் பிரிட்ஜில் வைத்துக்கொண்ட மருந்துக்கடைக்காரர், சகதியை அள்ளி அள்ளிக் கை ஓய்ந்துபோன தூய்மைப் பணியாளர்கள், எல்லாருக்கும் கும்பிட்டு நன்றி சொல்கிறேன்.

தெருமுனைத் தேய்ப்பு வண்டி அண்ணனைப் பற்றி மட்டும் கொஞ்சம் கூடச் சொல்ல வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டைக் கழுவிக்கொண்டிருந்தோம். கட்டிலுக்கடியில் இருந்த டிரங்குப் பெட்டியைத் திறந்தால், வீட்டுப் பத்திரம், என் மார்க் ஷீட், அப்பாவின் தறிக்கூலி நோட்டு, எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கட்டியாக இருந்தது. அதுவரைக்கும் அழாத அம்மா அப்போதுதான் வாசப்படியில் உட்கார்ந்து அழுதது. அந்த வழியாகப் போன அண்ணன் நின்று பார்த்துவிட்டு, "அக்கா, வெயில்ல மட்டும் வச்சிராதீங்க, சுருண்டுக்கும், இந்தா வர்றேன்" என்று போனார். அவர் வண்டியும் நனைந்து, கரி முழுக்க ஊறிக் கிடந்தது என்பது எனக்கு அப்புறம்தான் தெரியும். எங்கேயோ காய்ந்த சிரட்டை வாங்கி எரித்துத் தேய்ப்புப் பெட்டியில் கங்கு போட்டுக்கொண்டு வந்தார்.

அவர் செய்ததைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ஒவ்வொரு தாளையும் ஓரத்திலிருந்து ஊதி ஊதிப் பிரித்து, அடியில் ஒரு செய்தித்தாள், மேலே ஒன்று, அதற்கு மேல் ஒரு பழைய வேட்டித்துண்டு வைத்து, தேய்ப்புப் பெட்டியை முதலில் தன் புறங்கைக்குக் கிட்டே கொண்டுபோய்ச் சூடு பார்த்துவிட்டு, தேய்க்காமல் ஒற்றி ஒற்றி எடுத்தார். லேமினேட் போட்டதைத் தொடவே இல்லை, போட்டோக்களைக் கொடியில் கிளிப் மாட்டித் தொங்கவிடச் சொன்னார். மூன்று மணி நேரம். தறிக்கூலி நோட்டில் இரண்டு பக்கம் மை கரைந்து போய்விட்டது, மற்றதில் அப்பா கையெழுத்து அப்படியே இருக்கிறது. காசு நீட்டினேன், காபி மட்டும் போதும் தம்பி என்றுவிட்டார்.

இந்த ஒன்றரை ரூம் வீட்டை நான் திட்டாத நாளில்லை. எப்போது கோச்சடைப் பக்கம் ஒரு பிளாட்டுக்குப் போவோம் என்பதே பேச்சாக இருந்தது. நேற்று ராத்திரி கழுவிய சிவப்புத் தரையில் சேலையை விரித்துப் படுத்தோம், சுவரில் இன்னும் ஈரம், பினாயில் வாசனை, மேலே பரணில் காய்ந்த தாள்கள். அம்மா படுத்த உடனே தூங்கிவிட்டது. வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் அது தூங்கி நான் பார்த்தது நேற்றுத்தான். எனக்கும் இந்த நாலு சுவரை விட்டு வேறு எங்கேயும் போகத் தோன்றவில்லை. இனி இந்த வீட்டை ஒரு சொல் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

அண்ணன் இன்றைக்கு வண்டியை மறுபடி போட்டுவிட்டார். தீபாவளிக்கு இன்னும் இரண்டு நாள் இருக்கிறது. தேய்க்க வேண்டிய துணி இருக்கிறவர்கள் அவரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள்.