செயலாளர் ஆண்டறிக்கை 2024–25: ஆறு ரீல் கடுகு, ஒரு ரீல் உப்பு

தலைவர் அவர்களுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும், ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை விட்டுவிட்டு நூலக மாடிக்கு ஏறி வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை நம் எலக்ட்ரானிக்ஸ் ஆர்வலர் சங்கம் செய்தவற்றையும் செய்யத் தவறியவற்றையும் இந்த அறிக்கையில் வைக்கிறேன்.

ஆண்டு முடிவில் உறுப்பினர்கள் 38 பேர். புதிதாகச் சேர்ந்த ஒன்பது பேரில் ஆறு பேர் கல்லூரி மாணவர்கள். நான்கு பேர் சந்தாவைப் புதுப்பிக்கவில்லை. அவர்களில் இருவர் மாற்றலாகி வெளியூர் போய்விட்டார்கள். மற்ற இருவருக்குப் போன் செய்து செய்து நான் ஓய்ந்துவிட்டேன். முதல் ஞாயிறு கூட்டம் பதினொரு முறை நடந்தது. டிசம்பர் 1ஆம் தேதிக் கூட்டம் மட்டும் இல்லை. முந்தின இரவுதான் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்திருந்தது.

இந்த ஆண்டின் பெரும்பகுதி எஸ்.எம்.டி. ரெசிஸ்டரிலேயே, அதாவது கம்பிக் கால் இல்லாமல் போர்டின் மேலேயே பற்றவைக்கும் குட்டி மின்தடையிலேயே கழிந்தது. புதிதாக வரும் சென்சார், சார்ஜர் ஐ.சி. எல்லாம் கால் வைத்த வடிவில் வருவதே அரிதாகிவிட்டதால், ‘இனி நாமும் போர்டின் மேலேயே ஒட்டிப் பழக வேண்டும்’ என்று சென்ற பொதுக்குழுவில் முடிவு செய்து, பொதுக் கொள்முதலுக்கு 6,000 ரூபாய் ஒதுக்கினோம். எந்த அளவு வாங்குவது என்பதற்கே இரண்டு கூட்டங்கள் போயின. புதியவர்களுக்காக அந்த அளவுகளைச் சமையலறைக் கணக்கில் சொல்லிவிடுகிறேன். 1206 என்பது எள். 0805 கடுகு. 0603 கேழ்வரகு. 0402 கசகசா. எண்ணின் பொருள் எளிது: 0805 என்றால் நீளம் 0.08 அங்குலம், அகலம் 0.05 அங்குலம், அதாவது ஏறத்தாழ 2 மி.மீ.க்கு 1.25 மி.மீ. தாங்கும் சக்தியும் அளவோடு குறையும். பொதுவாக 1206 கால் வாட், 0805 எட்டில் ஒரு வாட், 0603 பத்தில் ஒரு வாட்.

இளைஞர்கள் 0603 கேட்டார்கள். வெள்ளெழுத்துக் கண்ணாடி போட்ட பெரியவர்கள் 1206 கேட்டார்கள். கடைசியில் 0805 என்று சமாதானமானது. 220 ஓம், 1 கே, 4.7 கே, 5.1 கே, 10 கே, 100 கே என ஆறு மதிப்புகள் (கே என்றால் ஆயிரம் ஓம்), நீளமான டேப்பில் வரிசையாக அடுக்கிச் சுருட்டிய ரீலுக்கு 5,000 வீதம். மதிப்பு ஐந்து சதவீதம் வரை விலகக்கூடியதற்கும் ஒரு சதவீதம் வரை விலகக்கூடியதற்கும் விலையில் பெரிய வித்தியாசம் இல்லாததால் எல்லாமே ஒரு சதவீதம். ஒரு ரெசிஸ்டர் சுமார் 15 காசுக்கு வந்தது. 5.1 கே எதற்கு என்று பலர் கேட்டார்கள். டைப்-சி சாக்கெட்டில் மின்சாரம் எடுக்க, அதன் இரண்டு சி.சி. பின்னிலும் (கருவி செருகியிருப்பதைச் சார்ஜர் அறிந்துகொள்ளும் பின்கள் இவை) தனித்தனியாக ஒரு 5.1 கே கிரவுண்டுக்குப் போக வேண்டும். இரண்டையும் சேர்த்து ஒரே ரெசிஸ்டரில் முடித்துவிட்டால் சில கேபிள்களில் வேலை செய்யாது. 2019இல் வெளிவந்த ராஸ்பெர்ரி பை 4 என்ற குட்டிக் கணினியின் முதல் பதிப்பிலேயே இந்தக் கோளாறு இருந்தது என்றால், நாம் தப்பு செய்வதில் வியப்பில்லை.

இளைஞர்கள் மனம் கோணக்கூடாது என்று 0603 அளவில் 10 கே ஒரு ரீல் சேர்த்து வாங்கினேன். இங்கேதான் என் வாக்குமூலம். ரீல் வந்த அன்று பிரித்துப் பார்த்தால் டேப்பின் குழிகளில் எதுவுமே இல்லாத மாதிரி இருந்தது. விளக்கடியில் சாய்த்துப் பிடித்தபோது ஒவ்வொரு குழியிலும் ஒரு கரும்புள்ளி. உப்புத்தூள். 0603 என்ற அதே எண் மெட்ரிக் முறையிலும் உண்டு; அங்கே அதற்கு 0.6 மி.மீ.க்கு 0.3 மி.மீ. என்று பொருள். நாம் வழக்கமாகச் சொல்லும் அங்குல முறையில் அது 0201. விற்பனைப் பட்டியலில் ‘மெட்ரிக்’ என்ற சொல் இருந்தது. நான் பார்த்தேன், படிக்கவில்லை. சக்தி இருபதில் ஒரு வாட் என்றும் போட்டிருந்தது. பத்தில் ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் இருபதில் ஒன்று இருக்கிறதே என்று அந்த ஒரு வரியிலாவது உறைத்திருக்க வேண்டும். இரவு பதினொரு மணிக்கு விலையை மட்டும் பார்த்து வாங்கினால் இப்படித்தான். ரீலில் 10,000 இருக்கிறது. செல்போன் சர்வீஸ் செய்யும் நம் உறுப்பினர் ஒருவர் ஒரு முழம் வெட்டி வாங்கிக்கொண்டார். மீதி பீரோவில் இருக்கிறது, யாருக்கு வேண்டுமானாலும் இலவசம்.

ரீலைப் பங்கு போட்டது இந்த ஆண்டின் நல்ல காட்சி. ஐயாயிரத்தை யார் எண்ணுவது என்று மலைத்தபோது, தையல் கடை வைத்திருக்கும் உறுப்பினர் தம் அளவு டேப்பை எடுத்தார். 0805 டேப்பில் ஒரு ரெசிஸ்டருக்கும் அடுத்ததற்கும் சரியாக 4 மி.மீ. அப்படியென்றால் பத்து சென்டிமீட்டருக்கு 25, நாற்பது சென்டிமீட்டருக்கு 100. ஜாக்கெட் துணி கிழிப்பதுபோல் அவர் அளந்து அளந்து வெட்ட, அரை மணியில் வேலை முடிந்தது. ஒன்று மட்டும் தவறிவிட்டது. வெட்டும் முன்பே டேப்பின் முதுகில் மதிப்பை எழுதியிருக்க வேண்டும். பதினோரு துண்டுகள் பெயரில்லாமல் கலந்துபோய், மல்டிமீட்டரை வைத்து ஒவ்வொன்றாக அளக்க வேண்டியதாயிற்று.

மே மாதம் சால்டரிங், அதாவது ஈயம் உருக்கிப் பற்றவைக்கும் பயிற்சி. கத்திரி வெயிலில் மின்விசிறியை நிறுத்தச் சொன்னதற்கு எனக்குக் கிடைத்த அர்ச்சனையைக் குறிப்பேட்டில் ஏற்றவில்லை. ஆனால் நிறுத்தாமல் முடியாது. ஆரம்பத்தில் காற்றோடு போன ரெசிஸ்டர்கள் எத்தனை என்று பெருக்க வந்த அம்மாவுக்குத்தான் தெரியும். இப்போது விளிம்பு வைத்த எவர்சில்வர் தட்டுக்குள் வெள்ளைத் தாள் போட்டு வேலை செய்கிறோம். மேலே ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் படலத்தை வெடுக்கென்று உரித்தால் ரெசிஸ்டர் அதோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். மெதுவாக, தட்டுக்கு நெருக்கமாக வைத்து உரிக்க வேண்டும். தலைகீழாக விழுந்து வெள்ளை முதுகைக் காட்டினால் ட்வீசரால் புரட்டிவிடுங்கள். மின்சாரத்துக்கு இரண்டு பக்கமும் ஒன்றுதான். எழுத்து கருப்புப் பக்கத்தில் இருப்பதால், பின்னால் பழுது பார்ப்பவருக்குத்தான் கஷ்டம்.

பற்றவைக்கும் முறையை எல்லோரும் ஒரே நாளில் பிடித்துக்கொண்டார்கள். முதலில் ஒரு பேடில் (போர்டில் ரெசிஸ்டரின் முனை உட்காரும் செப்புத் திட்டு) மட்டும் கொஞ்சம் ஈயம். ட்வீசரில் ரெசிஸ்டரைப் பிடித்து, அந்த ஈயத்தை உருக்கி, பக்கவாட்டில் உள்ளே தள்ளி, அயனை எடுத்து, மூச்சுவிடும் நேரம் அசையாமல் பிடிக்க வேண்டும். அப்புறம் மறுபக்கம். கடைசியாக முதல் பக்கத்துக்கு, ஈயம் நன்றாகப் பிடிக்க உதவும் ஃப்ளக்ஸ் துளி வைத்து மறுபடி ஒரு தொடல். ஊசி முனையைவிட உளி முனையே நல்லது, சூடு சீக்கிரம் இறங்கும். கம்பி அரை மி.மீ. தடிமனில் வாங்குங்கள். கடையில் ‘சால்டர் பேஸ்ட்’ என்று கேட்டால் சின்ன டப்பாவில் ஃப்ளக்ஸைத்தான் தருவார்கள். அடுப்பில் உருக்கும் ஈயக் குழம்பு வேண்டுமென்றால் ‘சால்டர் க்ரீம்’ என்றோ ‘சிரிஞ்சில் வருவது’ என்றோ விளக்கிச் சொல்ல வேண்டும். இதற்காக மூன்று பேர் இரண்டாம் தடவை கடைக்கு நடந்திருக்கிறார்கள்.

அந்தக் குழம்பைத் தோசைக்கல்லில் உருக்கிப் பார்க்கும் சோதனை செப்டம்பரில் நடந்தது. 138 டிகிரியில் உருகும் பிஸ்மத் கலவை என்பதால் கல் அதிகம் காயத் தேவையில்லை. இருபது ரெசிஸ்டரில் பதினேழு அழகாக உட்கார்ந்தன, மூன்று நடுகல் மாதிரி நிமிர்ந்து நின்றன. ஒரு முனையில் குழம்பு முந்தி உருகினால், உருகிய ஈயத்தின் இழுப்பு மறுமுனையைத் தூக்கிவிடுகிறது. இரண்டு பேடிலும் சம அளவு குழம்பு வைத்து, கல்லின் நடுவில் போர்டை வைத்தபோது குறைந்தது. அந்தக் கல் இனிச் சங்கத்துடையது. அதில் யாரும் தோசை சுடக் கூடாது.

சேதங்களையும் சொல்லியாக வேண்டும். மாணவர் ஒருவருக்கு எல்.இ.டி.க்கு 220 ஓம் தேவைப்பட்டது. நம் 220 ஓம் ரீலின் ரெசிஸ்டர் மேல் 2200 என்று எழுதியிருந்ததால் அதை 2.2 கே என்று ஒதுக்கிவிட்டு, பழைய போர்டிலிருந்து 220 என்று எழுதியதைத் தேடி எடுத்துப் போட்டார். இரண்டும் தப்பு. கடைசி இலக்கம் சைபர்களின் எண்ணிக்கை. 2200 என்றால் 220க்குப் பின் சைபர் ஏதும் இல்லை, 220 ஓம். 220 என்றால் 22க்குப் பின் ஏதும் இல்லை, 22 ஓம். 5 வோல்ட்டில் 14 மில்லி ஆம்பியர் போக வேண்டிய எல்.இ.டி.யில் 136 போயிற்று. அதன் கடைசி வெளிச்சத்தை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். 0603இல் 30சி என்பதுபோல் எழுத்தோடு வருவது வேறு கணக்கு: 30 என்பது பட்டியலில் 200ஐக் குறிக்கும், சி என்றால் நூறால் பெருக்கு, ஆக 20 கே. அந்தப் பட்டியலை அச்சடித்துச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். 0402இல் பொதுவாக எதுவுமே எழுதியிருக்காது.

இன்னொன்று விளையாட்டல்ல. 230 வோல்ட்டில் நேராக ஓடும் இரவு விளக்கு ஒன்றில், கெபாசிட்டரில் தங்கும் மின்சாரத்தை வடிக்க ஓர் உறுப்பினர் 0805இல் ஒரே ஒரு 1 மெகா ஓம் போட்டிருந்தார். வாட் கணக்குப் பார்த்தால் 0.053தான், தாராளமாகத் தாங்கும். ஆனால் 0805க்கு வழக்கமான வோல்டேஜ் வரம்பு 150. நம் வீட்டு மின்சாரத்தின் உச்சி 325 வோல்ட். சில வாரத்தில் ரெசிஸ்டர் உள்ளே அறுந்துபோய் மின்சாரம் வடியாமல் நிற்க, பிளக்கைப் பிடுங்கியவருக்கு அதன் பின்களிலிருந்து ஓங்கி ஓர் அடி. 1206இல் 470 கே இரண்டைத் தொடராகப் போட்டு மாற்றிக் கொடுத்தோம். இப்படிப்பட்ட சர்க்யூட்டைச் சங்கத்தில் காட்டாமல் யாரும் செருக வேண்டாம் என்பது நிர்வாகக் குழுவின் தீர்மானம்.

ஜனவரியில் பன்னிரண்டு பேர் சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போய்வந்தோம். பெரிய கடைகளில் முதல் கேள்வி ‘எத்தனை ரீல்?’ என்பதுதான். உள்சந்தில் சில கடைகளில் துண்டு வெட்டித் தருகிறார்கள். மதிப்பை அங்கேயே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். நூற்றெழுபது மதிப்புகள் அடுக்கிய சாம்பிள் புக்கை நால்வர் வாங்கினார்கள். புதிதாகத் தொடங்குபவருக்கு அது வசதி, மறுக்கவில்லை. ஆனால் 10 கே இரண்டு மாதத்தில் தீர்ந்துவிடும், 9.1 மெகா ஓம் பேரன் காலம் வரை இருக்கும்.

கணக்கைப் பொருளாளர் விரிவாக வாசிப்பார். சுருக்கமாக: வரி, கூரியர் உட்பட ஏழு ரீலுக்குச் செலவு 5,740 ரூபாய். நூறு ரெசிஸ்டர் கொண்ட துண்டு 25 ரூபாய் வீதம் உறுப்பினர்களுக்கு 150 துண்டுகள் போனதில் வர வேண்டியது 3,750. வந்தது 3,425. பதின்மூன்று துண்டுக்கான பணம் இன்னும் நிற்கிறது. யார் யார் என்று நோட்டில் இருக்கிறது, இங்கே வாசிக்கப் போவதில்லை. தேநீர் இடைவேளையில் பொருளாளர் வாசல் பக்கம்தான் நிற்பார்.

மாடி அறையை மாதந்தோறும் திறந்துவிட்ட நூலகப் பணியாளருக்கும், அளவு டேப் கொண்டுவந்த உறுப்பினருக்கும் நன்றி. இந்த அறிக்கையைப் பொதுக்குழு ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்