பன்னிரண்டு பாகமும் முடித்துவிட்டேன்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. போன ஞாயிற்றுக்கிழமை போனில், "அப்படி என்னதாம்மா இருக்கு அதுல?" என்று கேட்டாய். அப்போது சரியாகச் சொல்ல வரவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

நீ அலமாரியில் விட்டுப்போன ஆன்டனி பவலின் ஆங்கில நாவல் 'எ டான்ஸ் டு த மியூசிக் ஆஃப் டைம்' பன்னிரண்டு பாகமும் முடித்துவிட்டேன். 1951 முதல் 1975 வரை அவர் வெளியிட்டதை, பதினான்கு மாதத்தில் படித்திருக்கிறேன். முதல் மூன்று பாகம் மெதுவாகத்தான் போனது. எந்த விருந்தில் யார், யாருக்கு யார் மச்சினன் என்று காலண்டர் தாளின் பின்பக்கம் பெயர்களை எழுதிவைத்துக்கொண்டு படித்தேன். ஏழாவது பாகத்தில் இரண்டாம் உலகப் போர் வந்ததும் புத்தகத்தைக் கீழே வைக்க மனசில்லை.

ஏழு, எட்டு, ஒன்பது மூன்றும் போர்க்காலம். ஆனால் சண்டைக் காட்சி தேடினால் கிடைக்காது. கதை சொல்லும் ஜென்கின்ஸ் வேல்ஸ் படைப்பிரிவு ஒன்றில் சேர்கிறான். கூட இருக்கும் அதிகாரிகளில் பலர் வங்கிக்காரர்கள்! படைப்பிரிவின் ஒரு சிப்பாய்க் குழுவை நடத்தும் குவாட்கினும் அப்படித்தான். பெரிய போர்வீரனாக வேண்டும் என்று அவனுக்கு அவ்வளவு ஆசை. ஒன்றிரண்டு தவறில் பதவி போகிறது. அவனுக்குக் கீழே இருந்த கெட்வர்ட் அந்த இடத்துக்கு வருகிறான். முப்பத்திரண்டு வருஷம் வங்கியில் இருந்தவள் நான். நாற்காலி கைமாறும் நாளில் அறையில் எப்படி ஒரு அமைதி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்தப் பக்கங்களை இரண்டு முறை படித்தேன்.

அப்புறம் ஸ்டிரிங்ஹாம். பள்ளிக்கூடத்தில் ஜென்கின்ஸின் நெருங்கிய நண்பன், பணக்கார வீட்டுப் பிள்ளை, பேச்சில் எல்லாரையும் மயக்குகிறவன். குடியில் வாழ்க்கை போய், அதிலிருந்து மீண்டு, சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்திருக்கிறான். அதிகாரிகளின் மெஸ்ஸில் ஜென்கின்ஸ் சாப்பிட உட்கார்ந்திருக்கும்போது, பக்கத்தில் வந்து பரிமாறுகிறவன் அவன்தான். நண்பனை நல்ல வேலைக்கு மாற்றிவிட ஜென்கின்ஸ் துடிக்கிறான். அவனோ மரியாதையாக, எனக்கு இதுவே போதும் என்று ஒதுங்கிவிடுகிறான். அவர்களோடு ஒரே பள்ளியில் படித்த விட்மர்பூல் இப்போது மேஜர். தன் வசதிக்காக ஸ்டிரிங்ஹாமைப் படையின் சலவைப் பிரிவுக்குத் தள்ளிவிடுகிறான். அந்தப் பிரிவு கீழை நாடுகளுக்குப் போகிறது. சிங்கப்பூர் 1942 பிப்ரவரி 15இல் ஜப்பானியரிடம் விழுகிறது. அதன்பிறகு ஸ்டிரிங்ஹாமை நாம் பார்ப்பதே இல்லை. ஜப்பானியரின் சிறையில் செத்த சேதி, வேறு எதையோ பேசும்போது பின்னால் வந்து சேர்கிறது. புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அதே ஜப்பானியர்தான் மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கில் நம் ஜனங்களைச் சயாம்-பர்மா ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். அவர்களில் பலரைப் பற்றி வீட்டுக்குச் சேதிகூட வரவில்லை.

லண்டனில் குண்டு விழும் இரவு ஒன்று வருகிறது. ஜென்கின்ஸின் மச்சினி பிரிசில்லாவும் அவள் புருஷனும் பிரிந்திருக்கிறார்கள். அவன் சமாதானமாகப் போகத் தவிக்கிறான். அன்று அவன் போயிருந்த கேளிக்கை விடுதியில் குண்டு விழுந்து செத்துவிட்டான். விஷயத்தை அவளிடம் சொல்ல ஜென்கின்ஸ் இருட்டில் ஓடுகிறான். அவள் தங்கியிருந்த வீட்டின் மேலும் குண்டு விழுந்திருக்கிறது. சொல்வதற்கு அவளும் இல்லை. பவல் இதற்காகக் குரலை உயர்த்தவே இல்லை. நடந்ததை மட்டும் சொல்கிறார். அழுகை எனக்குத்தான் வந்தது.

நீ கேட்டதற்கு என் பதில் இவ்வளவுதான். அந்த ஆட்களோடு பதினான்கு மாதம் இருந்துவிட்டேன். இப்போது வீடு வெறிச்சென்று இருக்கிறது.

ஒரு வேலை செய். லண்டனில் மான்செஸ்டர் சதுக்கத்தில் வாலஸ் கலெக்ஷன் என்ற அருங்காட்சியகம் இருக்கிறது, கட்டணம் கிடையாது. இந்த நாவலுக்குப் பெயர் தந்த, பிரெஞ்சு ஓவியர் பூசான் வரைந்த படம் அங்கேதான் இருக்கிறது. நாலு பேர் கைகோத்து, முதுகு உள்ளேயும் முகம் வெளியேயுமாக ஆடுவார்கள். ஒரு குழந்தை நீர்க்குமிழி ஊதும், இன்னொன்று மணல்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். ஓரத்தில் சிறகு முளைத்த கிழவர் யாழ் வாசிப்பார், அவர்தான் காலம். என் புத்தக அட்டையில் அவர் முகம் சின்னதாக, மங்கலாக இருக்கிறது. அவர் சிரிக்கிறாரா இல்லையா என்று கிட்டப் போய்ப் பார்த்துச் சொல்.

குளிருக்கு மப்ளர் கட்டிக்கொண்டு போ.

அன்புடன்,
அம்மா